செராமிக் துகள் கலந்த அலுமினியம்: ஆய்வகத்திலிருந்து வார்ப்படச்சாலைக்கு

மண் சுவர் எழுப்புவோர் குழைத்த மண்ணில் வைக்கோல் துண்டுகளைத் தூவி மிதிப்பது வழக்கம். குயவர் களிமண்ணோடு அளவாக மணலைக் கலப்பர். சுவர் காயும்போது வெடிக்காமலும், பானை சூளையில் பிளவுபடாமலும் இருப்பதற்கு இக்கலப்பே துணை செய்கிறது. ஒரு பொருளின் குறையை மற்றொரு பொருளின் நிறைவைக் கொண்டு ஈடு செய்வது என்னும் இவ்வுண்மையைச் சிற்றூர் மக்கள் பன்னெடுங்காலமாக அறிந்திருந்தனர். சிமெண்டும் சல்லியும் இரும்புக் கம்பியும் சேர்ந்த கான்கிரீட்டும் இவ்வகையைச் சேர்ந்ததே. இத்தகைய பொருள்களைக் கூட்டுப்பொருள்கள் என்பர். இக்கருத்து உருகிய உலோகத்துக்கும் பொருந்தும் என்பதை மெய்ப்பித்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. ஓர் உலோகத்தைத் தாய்ப் பொருளாகக் கொண்டு, அதனுள் கடினமான செராமிக் துகள்களைப் பரவச் செய்து ஆக்கப்படுவதே உலோகக் கூட்டுப்பொருள் ஆகும்.

அலுமினியம் எடை குறைந்தது, துருப்பிடிக்காதது, வெப்பத்தையும் மின்சாரத்தையும் நன்கு கடத்துவது, எளிதில் வார்க்கத்தக்கது. எனினும் அது மென்மையானது. உராய்வில் விரைவாகத் தேய்வது. சூடேறினால் மிகுதியாக விரிவது. சிலிக்கன் கார்பைடு என்னும் செராமிக் பொருளின் இயல்போ இதற்கு நேர்மாறானது. சாணைக் கற்களில் பயன்படும் அளவுக்குக் கடினமானது, உறுதியானது, வெப்பத்தில் குறைவாகவே விரிவது. ஆனால் தட்டினால் உடையும். உருக்கி வார்க்கவும் இயலாது. அலுமினியத்தின் விறைப்புத்தன்மை ஏறக்குறைய 70 கிகா பாஸ்கல் எனில், சிலிக்கன் கார்பைடின் விறைப்புத்தன்மை 400 கிகா பாஸ்கலையும் கடந்தது. ஒரு டிகிரி வெப்பம் உயர்ந்தால் அலுமினியம் பத்து லட்சத்தில் 23 பங்கு நீளும். சிலிக்கன் கார்பைடு நான்கு அல்லது ஐந்து பங்கு மட்டுமே நீளும். இவ்விரண்டும் சேர்ந்த கூட்டுப்பொருளில், சேர்க்கப்படும் விகிதத்துக்கு ஏற்ப இப்பண்புகள் இடைப்பட்ட நிலையை அடைகின்றன. கன அளவில் 20 சதவிகிதத் துகள் கலந்த அலுமினியத்தின் விறைப்புத்தன்மை 100 கிகா பாஸ்கலை நெருங்குகிறது. அதன் அடர்த்தியோ கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராமிலிருந்து 2.8 கிராமாக மட்டுமே உயர்கிறது.

போரான், கார்பன் ஆகியவற்றின் நீண்ட இழைகளை உலோகத்துள் பொதிந்தும் கூட்டுப்பொருள்கள் செய்யப்பட்டன. அமெரிக்க விண்வெளி ஓடத்தின் உடற்பகுதிக் குழாய்களில் போரான் இழை பொதிந்த அலுமினியம் இடம் பெற்றது. ஆனால் அவ்விழைகள் விலை மிக்கவை. இழை செல்லும் திசையில் மட்டுமே முழு வலிமை தருபவை. துகள்களோ மலிவானவை, எத்திசையிலும் ஏறக்குறைய ஒரே பண்பைத் தருபவை. எல்லாவற்றுக்கும் மேலாக, துகள் கலந்த உலோகத்தைச் சாதாரண வார்ப்படச்சாலையின் உலையிலேயே ஆக்கிவிடலாம். வளர்ந்து வரும் நாடுகளுக்கு இத்துறை பொருத்தமானது என்று கருதப்பட்டதற்கு இதுவே அடிப்படை.

இத்துறையில் இந்தியாவின் பங்கு

இத்தொழில் நுட்பத்தின் வரலாற்றில் இந்திய விஞ்ஞானிகளின் பங்கு கணிசமானது. 1960-களின் நடுவில் அமெரிக்காவில் பன்னாட்டு நிக்கல் கம்பெனியின் ஆய்வகத்தில் பணியாற்றிய பிரதீப் ரோகத்கி, நிக்கல் பூசிய கிராபைட் துகள்களை வாயுவின் துணையோடு உருகிய அலுமினியத்துள் செலுத்திக் காட்டினார். கிராபைட் தானே மசகாகச் செயல்படும் தன்மையுடையது. எனவே தாங்கிகளுக்கும் பிஸ்டன்களுக்கும் அது பயன்படும் என்பது நோக்கம். 1968-ல் எஸ். ரே, உருகிய அலுமினியத்தைக் கலக்கியவாறே அலுமினா துகள்களை அதனுள் சேர்த்தார். கான்பூர் இந்தியத் தொழில் நுட்பக் கழகத்தில் முதுநிலைப் பட்டத்துக்காக மேற்கொள்ளப்பட்ட அந்த ஆய்வு, கலக்கி வார்க்கும் முறையின் தொடக்கங்களுள் ஒன்றாக இன்றும் உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது.

ரோகத்கி தாயகம் திரும்பிய பின் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும், அதன் பின் திருவனந்தபுரம், போபால் ஆகிய இடங்களின் வட்டார ஆராய்ச்சி நிலையங்களிலும் இப்பணி தொடர்ந்தது. அலுமினியக் கலவையில் செராமிக் துகள்களைச் சேர்த்து வார்ப்பது பற்றி சூரப்பாவும் ரோகத்கியும் 1981-ல் வெளியிட்ட ஆய்வுரை இத்துறையின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்று. திருவனந்தபுரம், போபால் நிலையங்கள் 2007-ல் பெயர் மாற்றம் பெற்றுள்ளன, பணி தொடர்கிறது. ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சிக்கூடம், தூள் உலோகவியல் முறையில் இதே பொருளை ஆக்குவதில் ஈடுபட்டது. ஆய்வில் இவ்வாறு முன்னணியில் நின்ற நாடு, உற்பத்தியில் அதே இடத்தைப் பெறவில்லை என்பதே இங்கு ஆராயத்தக்கது. அதன் காரணங்களை அறிய, இப்பொருள் ஆக்கப்படும் முறையையும் அதிலுள்ள இடையூறுகளையும் முதலில் அறிதல் வேண்டும்.

நனையாத துகள்

தாமரை இலை மீது விழும் நீர்த்துளி இலையில் படியாமல் உருண்டு ஓடுகிறது. உருகிய அலுமினியத்துக்கும் செராமிக் துகளுக்கும் உள்ள உறவும் இத்தகையதே. திரவம் திடப்பொருளின் மீது அமரும்போது உண்டாகும் தொடுகோணம் 90 டிகிரிக்கு மேற்பட்டால் திரவம் அதனை நனைக்காது என்பது பௌதிகம். அலுமினியம் உருகும் நிலையாகிய 660 டிகிரி சென்டிகிரேடுக்குச் சற்று மேற்பட்ட வெப்பநிலைகளில், சிலிக்கன் கார்பைடு மீதும் அலுமினா மீதும் இக்கோணம் 90 டிகிரிக்கு அதிகமாகவே உள்ளது. உருகிய உலோகத்தின் பரப்பில் எப்போதும் படர்ந்திருக்கும் ஆக்சைடு படலமும் குறுக்கே நிற்கிறது. எனவே உலையில் கொட்டப்படும் துகள்கள் உலோகத்துள் இறங்காமல் மேலே மிதந்து, கசடோடு கசடாக ஒதுங்கி விடுகின்றன.

இச்சிக்கலின் அளவை ஒரு கணக்கு விளக்கும். 20 கிலோ அலுமினியத்தில், கன அளவில் 15 சதவிகிதம் சிலிக்கன் கார்பைடு சேர்க்க வேண்டும் எனக் கொள்வோர், சுமார் 4.2 கிலோ துகளை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துகளும் 20 மைக்ரான் விட்டமுள்ள கோளம் எனக் கருதினால், துகள்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 30,000 கோடி ஆகும். அவற்றின் மொத்தப் பரப்பு 390 சதுர மீட்டர். ஒரு வாளி அளவுள்ள உலோகம், ஒரு வீட்டு மனையையும் விஞ்சிய பரப்பு முழுவதையும் இடைவெளியின்றி நனைத்தாக வேண்டும். நனையாத ஒவ்வோரிடமும் பின்னர் ஒரு நுண்துளையாகவோ, விரிசலின் தொடக்கமாகவோ அமையும்.

இதனைக் கடக்க மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. முதலாவது, அலுமினியத்துடன் சுமார் ஒரு சதவிகிதம் மக்னீசியம் சேர்ப்பது. மக்னீசியம் உருகிய உலோகத்தின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. துகளின் மீதுள்ள ஆக்சைடுடன் வினைபுரிந்து பிணைப்பையும் உண்டாக்குகிறது. இரண்டாவது, துகள்களை முன்கூட்டியே சூடேற்றுவது. அவற்றில் ஒட்டியுள்ள ஈரமும் வாயுக்களும் இதனால் அகலும். சிலிக்கன் கார்பைடை 1,000 டிகிரி அளவில் காற்றில் சூடேற்றினால் அதன் மீது சிலிக்காவாலான மெல்லிய படலம் உண்டாகிறது. இது நனைதலுக்கு உதவுவதோடு காப்பாகவும் விளங்குகிறது. மூன்றாவது, துகள்களின் மேல் நிக்கல் அல்லது செம்பு பூசுவது. பயன் தருவதாயினும் இது செலவை உயர்த்துவதால், பெருமளவு உற்பத்தியில் முதலிரண்டு வழிகளே விரும்பப்படுகின்றன.

கலக்கி வார்க்கும் முறை

கொதிக்கும் நீரில் கேழ்வரகு மாவை ஒரே முறையாகக் கொட்டினால் களி கட்டி தட்டிப்போகும். சிறிது சிறிதாகத் தூவி, கை ஓயாமல் கிண்டினால்தான் பதம் வரும். கலக்கி வார்க்கும் முறையின் சாரமும் இதுவே.

மூசையில் அலுமினியக் கலவையை உருக்கி, 700 டிகிரியைச் சற்றுக் கடந்த வெப்பநிலையில் நிறுத்துவர். உருகிய உலோகத்தில் கரைந்துள்ள ஹைட்ரஜனை, ஆர்கான் வாயுவைக் குமிழிகளாகச் செலுத்தி வெளியேற்றுவர். இது துகள் சேர்ப்பதற்கு முன்னரே செய்து முடிக்கப்பட வேண்டும். பின்னர் செய்தால் குமிழிகளோடு துகள்களும் மேலே வந்துவிடும். கசடு நீக்கும் உப்புகளைத் துகள் சேர்த்த பின் இடுவதும் ஆகாது. அவை துகள்களை உலோகத்திலிருந்து பிரித்து விடும். அதன் பின் மக்னீசியத்தை உலோகத்தின் அடியில் அமிழ்த்திக் கரைப்பர். வெப்பம் தாங்கும் செராமிக் பூச்சுடைய கலக்கியை உலோகத்துள் இறக்கி, நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகள் வேகத்தில் சுழற்றுவர். நடுவில் ஒரு சுழி உண்டாகும். சூடேற்றிய துகள்களை அச்சுழியின் ஓரத்தில் சீராகத் தூவினால், சுழி அவற்றை உள்ளிழுத்துக் கொள்ளும். துகள் முழுவதும் சேர்ந்த பின்னும் சில நிமிடங்கள் கலக்கி, உடனே அச்சில் வார்க்க வேண்டும்.

கேட்பதற்கு எளிதாயினும், சுழி துகளை இழுப்பது போலவே காற்றையும் இழுக்கும் என்பதை மறத்தலாகாது. வேகம் குறைந்தால் துகள்கள் திரண்டு நிற்கும். வேகம் மிகுந்தால் காற்று புகுந்து நுண்துளைகள் பெருகும். ஆகவேதான் மூசையின் விட்டம், கலக்கியின் அலகு அமைப்பு, அது அமையும் ஆழம், துகள் தூவும் வேகம் ஆகியவை ஒவ்வொன்றும் நிர்ணயிக்கப்பட வேண்டியவை. ஆல்கன் நிறுவனத்தின் டூரல்கான் முறையில் வெற்றிட நிலையில் கலக்குதல் மேற்கொள்ளப்பட்டது. காற்றே இல்லாத இடத்தில் காற்று புகுதல் என்னும் இடரும் இல்லை.

மற்றொரு வழி, உலோகம் முழுவதும் உருகாமலும் முழுவதும் உறையாமலும் கூழ் போன்றிருக்கும் நிலையில் துகளைச் சேர்ப்பது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில் நுட்பக் கழகத்தில் பிளெமிங்ஸும் அவருடன் உழைத்தவர்களும் 1970-களில் இந்நிலையை விரிவாக ஆராய்ந்தனர். கூழ் நிலையில் பாகுத்தன்மை மிகுதி. பாதி உறைந்த உலோகப் பரல்கள் துகள்களைத் தம்மிடையே பிடித்து வைத்துக் கொள்கின்றன. துகள் நனைவதற்குப் போதிய அவகாசமும் கிடைக்கிறது.

படிதலும் ஒதுக்கப்படுதலும்

துகளை உள்ளே சேர்த்ததோடு பணி முடிவதில்லை. உருகிய அலுமினியத்தின் அடர்த்தி ஏறக்குறைய 2.4; சிலிக்கன் கார்பைடின் அடர்த்தி 3.2. எனவே கலக்குதல் நின்றவுடன் துகள்கள் கீழே படியத் தொடங்கும். அடர்த்தி குறைந்த கிராபைட்டோ மேலே எழும். ஸ்டோக்ஸ் விதிப்படி படியும் வேகம் துகளின் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமைகிறது. 20 மைக்ரான் துகள் 10 சென்டிமீட்டர் ஆழம் இறங்கச் சுமார் 11 நிமிடங்கள் ஆகும் என்றால், 100 மைக்ரான் துகள் அதே ஆழத்தை அரை நிமிடத்துக்குள் கடந்து விடும். துகள்கள் நெருக்கமாக இருக்கையில் ஒன்றையொன்று தடுப்பதால் உண்மையான வேகம் இதனினும் குறைவே. எனினும் பருத்த துகள் கலந்த உலோகத்தைக் காத்திருக்க வைத்தால், வார்ப்பின் அடிப்பகுதி ஒரு பொருளாகவும் மேற்பகுதி வேறொரு பொருளாகவும் அமையும் என்பது தெளிவு. மிக நுண்ணிய துகளைப் பயன்படுத்தினால் படிதல் குறையும். ஆனால் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். நடைமுறையில் பத்து முதல் சில பத்து மைக்ரான் வரையிலான துகள்கள் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

உறையும் வேளையிலும் ஓர் இடர் உண்டு. அலுமினியம் மரக்கிளைகள் போன்ற படிகங்களாக உறைகிறது. வளரும் கிளைகள் துகள்களைத் தம்முள் ஏற்காமல் முன்னே தள்ளிச் செல்கின்றன. இறுதியில் உறையும் இடைவெளிகளில் துகள்கள் குவிந்து நிற்கின்றன. வேகமாகக் குளிர்வித்தால் கிளைகள் நெருக்கமாக அமைந்து, துகள்களும் ஓரளவு சீராகப் பரவும். ஆகவே மணல் அச்சைவிட உலோக அச்சு இதற்கு ஏற்றது.

அலுமினியம் கார்பைடு என்னும் இடர்

துகள் நனையவில்லை என்று வெப்பத்தை மேன்மேலும் உயர்த்துவது அனுபவமற்றோர் செய்யும் பிழை. வெப்பம் மிகும்போது அலுமினியமும் சிலிக்கன் கார்பைடும் வினைபுரிந்து அலுமினியம் கார்பைடும் சிலிக்கனும் உண்டாகின்றன. அலுமினியம் கார்பைடு நொறுங்கும் தன்மையது. துகளுக்கும் உலோகத்துக்கும் இடையிலுள்ள பிணைப்பைக் கெடுப்பது. ஈரம் பட்டால் மீத்தேன் வாயுவாகவும் அலுமினியம் ஹைட்ராக்சைடாகவும் சிதைவதும் அதுவே. அன்று சோதனையில் தேறிய வார்ப்பு, மழைக்காலத்தில் உள்ளிருந்தே அரிக்கப்படும் நிலை இதனால் ஏற்படும்.

இதற்குத் தீர்வு தாய் உலோகத்தைத் தக்கவாறு தேர்வதே. கலவையில் 7 முதல் 10 சதவிகிதம் வரை சிலிக்கன் இருப்பின் வினை பெரிதும் தடைப்படும். வார்ப்படச்சாலைகளில் வழக்கமாகப் புழங்கும் அலுமினியம்-சிலிக்கன் கலவைகள் இத்தேவையை நிறைவு செய்வது ஒரு நற்பேறு. சிலிக்கன் குறைந்த கலவைகளைப் பயன்படுத்த நேரின் சிலிக்கன் கார்பைடுக்கு மாற்றாக அலுமினா துகளைச் சேர்ப்பது நன்று. எவ்வாறாயினும் உருகிய கூட்டுப்பொருளின் வெப்பநிலை 750 டிகிரியைத் தாண்டாமல் காப்பது பாதுகாப்பான விதியாகும்.

பிற முறைகள்

தூள் உலோகவியல் முறையில் அலுமினியத் தூளையும் செராமிக் தூளையும் கலந்து, அழுத்தி, வெற்றிடத்தில் வாயு நீக்கி, சூட்டில் இறுக்கிப் பின்னர் பிதுக்கி வடிவம் தருவர். உலோகம் உருகாததால் படிதலும் இல்லை; கார்பைடு உண்டாதலும் குறைவு. பண்புகள் சிறந்தவை, விலையும் அதற்கேற்ப உயர்ந்தது. அமெரிக்காவின் எஃப்-16 போர் விமானத்தின் அடிப்புறத் துடுப்புகளில் பொருத்தப்பட்ட சிலிக்கன் கார்பைடு-அலுமினியத் தகடு இம்முறையில் ஆனது.

ஊடுருவல் முறையில் முதலில் செராமிக் துகள்களையோ இழைகளையோ கொண்டு நுண்துளைகள் மலிந்த ஒரு வடிவத்தை ஆக்கி, அதனுள் உருகிய உலோகத்தை அழுத்தத்தால் புகுத்துவர். ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில், டீசல் எஞ்சின் பிஸ்டனின் வளையப் பள்ளத்தில் செராமிக் குற்றிழைகளை இம்முறையில் பொதித்துப் பெருமளவு உற்பத்தி செய்தது. கூட்டுப்பொருள் சாதாரண வாகனத்திலும் இடம் பெறக்கூடும் என்பதை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி அது. பிஸ்டன் முழுவதையும் மாற்றாமல், தேய்மானம் மிகுந்த இடத்தில் மட்டும் வலுவூட்டியது அதன் சிக்கனம்.

ஊடுருவல் முறையில் கன அளவில் 60 சதவிகிதத்துக்கு மேலும் சிலிக்கன் கார்பைடு சேர்க்க இயலும். அவ்வாறு ஆன பொருளின் வெப்ப விரிவு, அதன் மேல் பொருத்தப்படும் செராமிக் தகடுகளின் விரிவுக்கு அணுக்கமாக அமைகிறது. வெப்பத்தையும் அது நன்கு கடத்துகிறது. எனவே மின்சார ரயில் எஞ்சின்களின் மின்மாற்றிச் சுற்றுகளில் பயன்படும் உயர்திறன் குறைகடத்திச் சாதனங்களுக்கு அடித்தகடாக இது விளங்குகிறது. எஞ்சின் புறப்படுவதும் நிற்பதுமாகச் சூடேறியும் குளிர்ந்தும் பல்லாண்டுகள் உழைக்கையில், விரிவு ஒவ்வாத அடித்தகடாயின் பற்றவைப்பு விட்டுப்போகும்.

பெறுவதும் இழப்பதும்

துகள் சேர்ப்பதால் தேய்மானம் குறைகிறது; விறைப்பு உயர்கிறது. ஆனால் இழப்பும் உண்டு. வெப்பப் பக்குவம் செய்த சாதாரண அலுமினியம்-சிலிக்கன் வார்ப்பு முறிவதற்கு முன் ஐந்து சதவிகிதம் அளவில் நீளும். 20 சதவிகிதத் துகள் கலந்த வார்ப்போ ஒரு சதவிகிதம் கூட நீளாமல் முறியும். திடீர் அதிர்ச்சியைத் தாங்க வேண்டிய உறுப்புகளுக்கு இப்பொருளைப் பரிந்துரைப்பது தவறு.

கடைசல் வேலையும் கடினமானது. சிலிக்கன் கார்பைடு, டங்ஸ்டன் கார்பைடு வெட்டுக் கருவிகளையும் விடக் கடினமானது. ஆகவே சாதாரணக் கருவிகள் விரைவில் மழுங்கும். வைரத் துகளாலான விலை உயர்ந்த கருவிகள் வேண்டும். வார்ப்பை இறுதி வடிவுக்கு மிக நெருக்கமாக வார்த்துக் கடைசலைக் குறைப்பதே இதற்கு வழி.

வாகனங்களின் வட்டத் தடுப்பான் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. வார்ப்பிரும்பின் அடர்த்தி 7.2, கூட்டுப்பொருளின் அடர்த்தி 2.8. எடை பாதிக்கும் மேல் குறையும். வெப்பமும் மும்மடங்கு விரைவாகப் பரவும். 1996-ல் வெளிவந்த லோட்டஸ் எலீஸ் காரில் இத்தகைய தட்டுகள் பொருத்தப்பட்டன. ஆனால் அவற்றை வழங்கி வந்த ஆலை உற்பத்தியை நிறுத்தியபோது அக்கார் வார்ப்பிரும்புத் தட்டுக்கே திரும்ப நேர்ந்தது. ஒரே ஒரு வழங்குநரை நம்பிய புதுப் பொருளின் நிலை எத்துணை நிலையற்றது என்பதற்கு இது சான்று. மேலும் நெடிய மலைச்சரிவில் பாரத்தோடு இறங்கும் கனரக வண்டியின் தடுப்பான் அடையும் வெப்பத்தை வார்ப்பிரும்பு தாங்கும். அலுமினியக் கூட்டுப்பொருள் மென்மையுற்றுவிடும். மின்சாரக் கார்களில் வேகம் குறைக்கும் பணியின் பெரும் பகுதியை மோட்டாரே மேற்கொள்வதால் தடுப்பானின் சுமை குறைகிறது. எடைக் குறைப்பும் அங்கு மிகத் தேவை. இப்பொருளுக்கு ஏற்ற களமாக அது அமையக்கூடும்.

உள்நாட்டு மூலப்பொருள்கள்

அலுமினியமும் அலுமினாவும் நாட்டில் பெருமளவில் உற்பத்தியாகின்றன. மணலையும் கார்பனையும் மின் உலையில் வினைபுரியச் செய்து ஆக்கப்படும் சிலிக்கன் கார்பைடு, சாணைக் கற்களுக்காக ஏற்கெனவே உள்நாட்டில் தயாராகிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும், கேரளத்துச் சவறாவிலும், ஒடிசாவின் சத்ரபூரிலும் கடற்கரை மணலிலிருந்து பிரிக்கப்படும் சிர்க்கான், அலுமினியத்துக்கு நல்ல வலுவூட்டி என்பதை 1980-களிலேயே இந்திய ஆய்வுகள் காட்டின.

அனல் மின் நிலையங்களின் உலர் சாம்பலும் இவ்வரிசையில் சேரும். இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 சதவிகிதம் வரை சாம்பல் உள்ளது. 2021-22-ல் மட்டும் 27 கோடி டன் சாம்பல் உண்டாயிற்று. உள்ளீடற்ற சாம்பல் கோளங்கள் நீரிலேயே மிதப்பவை. அவை சேர்ந்தால் அலுமினியத்தின் எடை மேலும் குறையும். சாம்பலிலுள்ள சிலிக்காவோடு அலுமினியம் வினைபுரியும் என்பதால், நெடுநேரம் சூட்டில் வைத்தல் கூடாது. அதே வேளையில் இக்கூட்டுப்பொருள் சாம்பல் பிரச்சினையைத் தீர்த்து விடும் என்று எண்ணுவதும் பொருந்தாது. ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் கூட்டுப்பொருள் ஆக்கி, அதில் எடையில் 10 சதவிகிதம் சாம்பல் சேர்த்தாலும், செலவாகும் சாம்பல் 10,000 டன் மட்டுமே. சாம்பலைச் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் சாலைக்கும் அனுப்புவதே பெருவழி. கூட்டுப்பொருளுக்கு அதனைச் சேர்ப்பதன் நியாயம், மலிவான துகள் கிடைக்கிறது என்பதில் மட்டுமே தங்கியுள்ளது.

இடைவெளி எங்கே?

வார்ப்பட உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடத்தில் இருப்பது இந்தியா. கோயமுத்தூர், ராஜ்கோட், கோலாப்பூர், பெலகாவி, ஹௌரா ஆகிய இடங்களில் சிறு வார்ப்படச்சாலைகள் கொத்துக் கொத்தாக இயங்குகின்றன. உலையும் உண்டு, கைத்திறனும் உண்டு, மூலப்பொருளும் உண்டு. இல்லாதது நம்பகமே. நூறு வார்ப்புகளில் ஒன்றில் துகள்கள் திரண்டு நின்றாலும், அந்த ஒன்று எது என்று அறிய வழியில்லை எனில், எந்த வாகன நிறுவனமும் அந்நூறையும் வாங்காது. ஆய்வகத்தில் சில கிலோ உலோகத்தை ஒரு மாணவர் கண் இமையாமல் கவனித்து வார்ப்பது வேறு. ஆலையில் இரவுப் பணி முறையில் நாள்தோறும் ஒரே தரத்தில் வார்ப்பது வேறு.

நம்பகத்தை வளர்க்க மிகுந்த செலவு தேவைப்படாத வழிகளும் உள்ளன. அவற்றுள் முதன்மையானது அடர்த்திச் சோதனை. வார்ப்பைக் காற்றிலும் நீரிலும் நிறுத்து, ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி அடர்த்தியைக் கணிக்கலாம். கணக்குப்படி 2.80 இருக்க வேண்டிய வார்ப்பு 2.72 காட்டினால், ஏறக்குறைய மூன்று சதவிகிதம் நுண்துளைகள் உள்ளன என்று பொருள். ஒரு தராசும் ஒரு நீர்த்தொட்டியும் இதற்குப் போதும். வார்ப்பின் மேற்பகுதியிலும் அடிப்பகுதியிலும் துண்டு எடுத்து நுண்ணோக்கியில் ஒப்பிட்டால் துகள் படிந்துள்ளதா என்பது தெரியும். எக்ஸ்ரே, கேளா ஒலி ஆகிய சோதனைகள் ஒவ்வொரு சிறு ஆலைக்கும் எட்டாதவை. வார்ப்படச்சாலைகள் செறிந்த நகரங்களில் பொதுச் சோதனைக் கூடங்களின் வாயிலாக அவற்றை வழங்கலாம்.

அடுத்தது பணிப் பங்கீடு. ஒவ்வொரு ஆலையும் தானே துகள் கலக்க முற்படுவதைவிட, ஒரு மைய நிலையம் தரமறிந்த கூட்டுப்பொருள் பாளங்களை ஆக்கி வழங்குவதும், சிற்றாலைகள் அவற்றை உருக்கி, மெதுவாகக் கலக்கியபடி வார்ப்பதும் நடைமுறைக்கு ஏற்றவை. கனடாவில் டூரல்கான் பாளங்கள் இவ்விதமாகவே வார்ப்படச்சாலைகளுக்கு வழங்கப்பட்டன. அந்நிலையத்துக்கு ரயில்வே, பாதுகாப்பு, மின்வாரியங்கள் போன்ற பெரு நுகர்வோர் சில ஆண்டுகளுக்கேனும் உறுதியான தேவையை முன்கூட்டியே அறிவித்தாலன்றி, முதலீடு வருவது அரிது.

தொழிலாளர் நலமும் புறக்கணிக்கத்தக்கதன்று. நுண்துகள்களைத் தூவுமிடத்தில் எழும் தூசு நுரையீரலுக்குத் தீங்கானது. சாம்பலில் படிக சிலிக்காவும் உள்ளது. தூசு உறிஞ்சும் அமைப்பும் முகக் கவசமும் உலையோடு சேர்ந்த செலவாகவே கணக்கிடப்பட வேண்டும். கழிவு வார்ப்புகளைச் சாதாரண அலுமினியக் கழிவோடு கலந்து விற்பதும் தடுக்கப்பட வேண்டும்; இல்லையேல் அடுத்த ஆலையின் உருகில் இத்துகள்களே குற்றமாக வந்து நிற்கும்.

கான்பூரில் ஒரு மாணவர் உருகிய அலுமினியத்தில் அலுமினா துகளைக் கலக்கிய 1968-ஆம் ஆண்டுக்குப் பின் அரை நூற்றாண்டுக்கும் மேல் கடந்து விட்டது. அதன் பின் எழுதப்பட்ட ஆய்வேடுகள் ஏராளம். துகள் ஏன் நனைவதில்லை, ஏன் படிகிறது, ஏன் ஒதுக்கப்படுகிறது என்னும் வினாக்களுக்கு விடை பெரும்பாலும் கிட்டியுள்ளது. இனி வேண்டுவது, ஒரு குறிப்பிட்ட உறுப்பைத் தேர்ந்து, அதனை ஒரே தரத்தில் ஆயிரம் முறை வார்த்து, ஆயிரத்தையும் சோதித்து, குறைபட்டவற்றின் காரணத்தை மறைக்காமல் பதிவு செய்யும் பணியே. புதுமை என்ற பெயர் அதற்குக் கிடைக்காமற் போகலாம். பட்டமும் கிடைக்காமற் போகலாம். ஆயினும் ஆய்வகத்துக்கும் வார்ப்படச்சாலைக்கும் இடையே கிடக்கும் அரை நூற்றாண்டு இடைவெளியைக் கடக்கும் பாலம் அதுவேயாகும்.